நச்சிலக்கியம் எனும் எளிய வசை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வளரும் இளம் பெண்கள் எதனை விரும்பி வாசிக்கின்றனர் என்ற வினா எழும்போதெல்லாம், தமிழ் விமரிசகர்களிடம் ஆயத்தமான விடையொன்று உண்டு: நச்சிலக்கியம். ரமணிசந்திரனின் காதல் நாவல்களையும் ராணிமுத்து போன்ற மாத நாவல்களையும் இவ்வொரு சொல்லால் தள்ளிவிட்டு, தம் கடமை முடிந்ததென அவர்கள் அமைதி கொள்கின்றனர்.

இந்நாவல்களுக்காக எவரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. எளிய வீட்டுப் பெண் செல்வந்தனொருவனின் சினத்துக்கும் பின்னர் காதலுக்கும் ஆளாகிறாள். திருமணத்தோடு வறுமையும் தீர்கிறது. கூலி, கடன், தொழிற்சங்கம் எவையும் அங்கு தலைகாட்டுவதில்லை. ஓர் ஆடவனின் மனமாற்றமே பெண்ணின் விடுதலைக்குப் போதும் என்பது பொய். உழைக்கும் வர்க்கத்துப் பெண்ணிடம் அதனைக் கூறுவது பெரும் பொய்.

ஆயினும், அவள் ஏன் வாசிக்கிறாள்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை படுத்துறங்கும் குடும்பம். தாய் விடியுமுன் பால்வெட்டச் சென்றபின் அடுப்பும் தம்பி தங்கையரும் மூத்த மகளின் பொறுப்பு. அந்த லயத்தில் அவளுக்கெனத் தனியாக உள்ள இடம் விரித்த புத்தகம் ஒன்றே. அமெரிக்கப் பெண் வாசகரை ஆராய்ந்து 1984 இல் நூலெழுதிய ஜனிஸ் ராட்வேயும், வீட்டுக் கடமைகளிலிருந்து தமக்கென ஒதுக்கிய நேரமாகவே அவர்கள் வாசிப்பைக் கருதியதைக் கண்டார். இன்னுமொன்று: காதல் நாவலில் கதாநாயகியின் விருப்பம் யாதென ஒருவன் கேட்கிறான். தோட்டத்தில் யார் கேட்கிறார்கள்? பிரட்டில் பேர் போடுபவரா? வரன் பேசும் உறவினரா? கொழும்பு வீட்டு வேலைக்கு ஆள்பிடிக்கும் தரகரா?

தடை இதற்கு மருந்தன்று. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகின. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'யும் அவ்வழியே வந்தது. நன்மைதான். ஆனால் 1977 க்குப் பின் கதவு திறந்ததும் தமிழகத்து மாத நாவல் மீண்டும் கடைகளில் தொங்கிற்று. தடை பதிப்பாளருக்குச் சந்தையைத் தந்தது. தோட்டத்துக்கு நூலகத்தைத் தரவில்லை.

குற்றத்தில் மலையக எழுத்தாளர்க்கும் பங்குண்டு. என்.எஸ்.எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்'தில் உழைப்பையும் மானத்தையும் காதலையும் ஒரே பெண்ணிடம் காட்டினார். அவர் வழியில் நடந்தோர் சிலரே. ஏனையோர்க்குக் கொழுந்து பறிப்பவள் துன்பத்தின் சின்னம். அவள் காதலிப்பதே துரையின் கொடுமைக்கு முன்னுரையாகத்தான். அதுவும் மலையகம் என்றதும் பேனா நுவரெலியாவுக்கே ஓடுகிறது. யட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் சிங்களக் கிராமங்கள் சூழ, தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்களில் வாழும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு, பஸ்ஸில் உடன்வரும் கிராமத்து இளைஞன் மீது விருப்பம் பிறந்தால் என்னாகும்? உயர்தரம் படிக்கவா, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகவா என்று அவள் தயங்கும் இரவில் என்ன நிகழும்? சென்னையில் அச்சாகும் நாவலுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களோ அவளைக் கடிந்து கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.