வாளியும் கப்பும் செய்த குற்றமாம்

அன்புள்ள பழைய மாணவ மாணவிகளே, சொந்தபந்தங்களே,

ஐந்து மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் நாசரேத் வந்து சேர்ந்தேன். "டீச்சர், லண்டன் எப்படி இருந்துச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். நான் போனது லண்டன் இல்லை, லெஸ்டர். பேரனைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன். இன்றைக்கு எழுதப்போவது குளியலறையைப் பற்றி. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு என் கோபம் பழக்கம்தானே.

அங்கே குளியலறை மாடியில். தரை பலகை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தண்ணீர் போக ஓட்டை கிடையாது. கை கழுவும் இடத்தில் இரண்டு குழாய்: ஒன்றில் கொதிநீர், ஒன்றில் பனிக்கட்டித் தண்ணீர். நடுவில் கையை வைத்துக்கொண்டு நாம்தான் கலந்துகொள்ள வேண்டும். முதல் வாரம் நான் வாளியும் கப்புமாகக் குளித்தபோது தொட்டிக்கு வெளியே தண்ணீர் சிந்தியது உண்மை. மகள் சத்தம் போட்டாள். பிறகு தொட்டிக்குள் நின்றே குளித்தேன்.

ஆனால் கீழே சமையலறை மேற்கூரையில் பழுப்பு வட்டம் நான் விமானம் ஏறுவதற்கு முன்பே இருந்தது. பிள்ளை தூங்கும் அறை மூலையில் கரும்பூஞ்சையும் இருந்தது. மகள் நான்கு முறை போன் செய்தாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். மேலே போனார், என் வாளியைப் பார்த்தார். "இப்படி ஊற்றிக் குளித்தால் ஒழுகத்தானே செய்யும்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

எனக்கு ஆங்கிலப் பேச்சு வேகமாக வராது, ஆனால் புரியும்.

அந்த வீட்டில் பாய்லர் ஒன்று உண்டு. அதன் முகப்பில் ஒரு முள். குளிர்ந்திருக்கும்போது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். மருமகன் தினமும் காலையில் ஒரு திருகைத் திறந்து அந்த முள்ளை ஏற்றிவிடுவார், மறுநாள் இறங்கியிருக்கும். நான் கேட்டேன்: "தம்பி, ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீர் மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறதுதானே? தினமும் குறைகிறது என்றால் அது எங்கே போகிறது?" ஐந்தாம் வகுப்பு அறிவியல்தான். குளிக்கிற தண்ணீருக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே கிடையாது. நான் நாள் முழுக்க வாளியால் ஊற்றினாலும் அந்த முள் அசையாது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அது வீட்டுக்காரர்மேல் பாதிதான். மீதி உங்கள்மேல்.

வாட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொன்னபோது எத்தனை பேர் அறிவுரை சொன்னீர்கள்! "சித்தி, வெளிநாட்டில் போய் வம்பு வேண்டாம்." "டீச்சர், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." "விசாவுக்கு ஏதாவது ஆகிவிடும்." விசாவுக்கு என்ன ஆகும்? மகளுக்கு ஸ்பான்சர் செய்தது அவள் நர்சாக வேலை பார்க்கும் மருத்துவமனை. வீட்டுக்காரர் இல்லை. கூரை ஒழுகுகிறது என்று சொன்னதற்காக அவர் யாரையும் நாடு கடத்த முடியாது. படித்தவர்களே இப்படிப் பயந்தால் எப்படி?

அட்ஜஸ்ட் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்று ஒரு குழந்தை. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். பூஞ்சை இருக்கிறது என்று தகப்பனார் 2017இலேயே சொல்லியிருக்கிறார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில், இரண்டு வயது முடிந்த சில நாளில் குழந்தை இறந்துபோனது. பூஞ்சையால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். வாளியில் குளிக்கிற பழக்கம்தான் காரணமாக இருக்கும் என்று தாங்கள் அனுமானித்தது தவறு என்று அந்த வீட்டு நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அங்கேயும் வாளிதான்! இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தொட்டிலை அந்த அறையிலிருந்து இழுத்துக் கூடத்தில் போட்டேன்.

அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் வர வேண்டும். தனியார் வீடுகளுக்கும் அதை நீட்டிக்க அதே ஆண்டு சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. குழாய், கழிப்பறை, சூடேற்றும் கருவி எல்லாம் பழுதில்லாமல் வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 1985ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

மகளை உட்காரவைத்துக் கடிதம் எழுதவைத்தேன். தேதி போடாத லீவு லெட்டரை நான் வாங்கினதே இல்லை, உங்களுக்குத் தெரியும். முதல் போன் என்றைக்கு, இரண்டாவது என்றைக்கு, முள் ஒவ்வொரு நாளும் எவ்வளவு இறங்கியது, படங்கள், எல்லாம் வரிசையாக. பதினான்கு நாளில் சரிசெய்யாவிட்டால் கவுன்சிலுக்கு எழுதுவோம் என்று கடைசி வரி. பத்தாம் நாள் பிளம்பர் வந்தார். பலகையைப் பெயர்த்தார். ரேடியேட்டர் குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. என் வாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது, பாவம். வீட்டுக்காரர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பூஞ்சையைத் துடைத்துச் சுவரைச் சரிசெய்ய இன்னும் மூன்று கடிதம் ஆனது.

அந்தப் பிளம்பருக்கு இருந்த மரியாதையைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. "படிக்கலைன்னா பைப் மாட்டத்தான் போவே" என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மர்காஷிஸ் ஐயர் அந்தக் காலத்திலேயே கைத்தொழில் பள்ளி வைத்த ஊரில் இருந்துகொண்டு சொன்னேன். அப்படி ஏச்சு வாங்கின பிள்ளைகளில் சிலர் இன்று துபாயிலும் தோஹாவிலும் பைப் மாட்டுகிறார்கள். நம் ஊரில் ஒரு குழாய் உடைந்தால் ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆகிறது.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, உங்களில் பலர் இங்கே வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். மாமாவோ பெரியப்பாவோ வாடகை வாங்கி அனுப்புகிறார். உங்கள் வீட்டில் இருக்கிறவர் ஒழுகுகிறது என்று சொன்னால் என்ன பதில் போகிறது? "இஷ்டம்னா இருங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க." லெஸ்டர் வீட்டுக்காரராவது நேரில் வந்து வாளியைப் பார்த்தார். தமிழ்நாட்டிலும் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் இருக்கிறது. குழாய் வாஷர், டேப் மாற்றுவது குடியிருப்பவர் பாடு, பைப் லைன் மாற்றுவது சொந்தக்காரர் பாடு என்று பட்டியலே போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும் என்கிறது. நம்மில் எத்தனை பேர் போட்டோம்?

நானும் போடவில்லை. எங்கள் பின்பக்கப் போர்ஷனில் ஒரு இளம் டீச்சர் குடும்பமாக இருக்கிறாள். உப்புத்தண்ணியில் இரும்புப் பைப் அரித்துச் சுவரெல்லாம் ஓதம் என்று போன ஆடியிலேயே சொன்னாள். "ஊருக்குப் போயிட்டு வந்து பார்க்கலாம்மா" என்றேன். அவளுக்கும் கைக்குழந்தை. வந்து இறங்கிய அன்றே அந்த அறைக்குள் போய்ப் பார்த்தேன். லெஸ்டரில் பார்த்த அதே கருப்பு, அதே மூலை.

பிளம்பர் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். என்னிடம் படித்தவர்தான். வராவிட்டால் தேதி போட்டு எனக்குக் கடிதம் கொடு என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.