"இங்கே பிறந்தது" என்றால் எல்லாம் சரியா?

போன மாதம் ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள், பாசி படிந்த குச்சியில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு குட்டி ஓணான். "அண்ணா, எங்கட நாட்டு ஓணான்! வாங்கட்டா? காட்டில பிடிச்சதில்லையாம், இங்கதான் பிறந்ததாம்."

வாங்காதே என்றேன். ஏன் என்று நீங்களும் கேட்பீர்கள்.

கொஃபோடிஸ் என்ற இந்த ஓணான் உலகத்திலேயே இலங்கையின் மத்திய மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஒரு வகை. நக்கிள்ஸ் மலைகளில் இன்னொன்று. அந்த இரண்டாவதைத் தனி இனம் என்று பெயரிட்டதே 2006இல்தான். உடம்பு ஒரு விரல் நீளம். மெதுவாகத்தான் நகரும். பிடிக்கப் பெரிய கெட்டித்தனம் வேண்டாம்.

விஷயம் இதுதான்: இலங்கையின் மற்ற ஓணான்கள் முட்டையிடும். இது குட்டி போடும். வயிற்றில் குட்டியுள்ள ஒன்றைக் காட்டில் பிடித்து, ஒளித்துக் கொண்டுவந்தால் போதும். ஐரோப்பாவில் நாலைந்து குட்டி பிறக்கும். அத்தனையும் "இங்கே பிறந்தது"! பொய்யும் இல்லை. நானும் இங்கே பிறந்தவன்தான். ஆனால் என் அம்மாவை யாரும் சூட்கேஸில் அடைத்துக் கொண்டுவரவில்லை.

அனுமதியில்லாமல் ஏற்றுமதி செய்வது இலங்கையில் குற்றம். ஆனால் 2019 வரை, எப்படியோ ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டால் இங்கே விற்பதைத் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை. அந்த வருடம் ஜெனீவாவில் இலங்கை கேட்டு, சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இரண்டு வகையையும் சேர்த்தார்கள். காட்டில் பிடித்ததை வியாபாரம் செய்ய இனி முடியாது. வளர்த்தது என்றாலும் தாய் சட்டப்படி வந்திருக்க வேண்டும்.

"வளர்த்தால் இனம் அழியாதே" என்பார்கள். பெட்டிக்குள் பெருகி என்ன? அது வாழும் காடு அங்கே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் காட்டை அழித்துக் கோப்பி போட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிய, அதே மலைகளில் தேயிலை. நாங்கள் அந்தத் தேயிலைச் சரிவில் நின்று செல்ஃபி எடுத்து "இயற்கை" என்று போடுகிறோம்.

விற்பவரிடம் ஒன்று மட்டும் கேள் என்றேன்: தாய்க்குப் பேப்பர் இருக்கா?

கேட்டானாம். அவர் அடுத்த பெட்டியைக் காட்டினாராம்.