வழக்கும் வரலாறும்: மலபார் குன்றில் ஒரு மாலை

1925 சனவரி 12. பம்பாய் மலபார் குன்றில் செல்வந்த வணிகர் அப்துல் காதர் பாவ்லா தமது மோட்டார் வண்டியில் சுடப்பட்டு மாண்டார். உடனிருந்த மும்தாஜ் பேகத்தின் முகம் கத்தியால் கிழிக்கப்பட்டது.

இந்தூர் மன்னர் துக்கோஜி ராவ் ஹோல்கரின் அரண்மனையை விட்டுத் தப்பிய நடனமாது அவள். அங்கே தன் பெண்குழந்தையைக் கொன்றுவிட்டார்கள் என்று பின்னர் சாட்சியமளித்தாள். திரும்ப மறுத்தவள் பாவ்லாவிடம் அடைக்கலம் புகுந்தது அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. அவளைத் தூக்கிச்செல்ல ஆட்கள் ஏவப்பட்டனர். கோல்ஃப் ஆடித் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் தற்செயலாக அவ்வழி வந்திராவிடில் அதுவும் நிறைவேறியிருக்கும்!

மூவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மன்னரையோ எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. விசாரணைக் குழுவா, முடிதுறப்பா என்று ஆங்கில அரசு மரியாதையாகக் கேட்டது. 1926 பெப்ரவரியில் அவர் மகனுக்கு முடியை விட்டுக்கொடுத்தார்.