பாயின் விலையும் பாடுபட்டவர் கூலியும்

ஆலையில் வேலை போய், கணக்குத் தீர்த்த பணத்தோடு வீட்டில் இருக்கும் தோழர் ஒருவர் கேட்டார்: "யோகாசனச் சாமான் விற்கும் கடை போடலாம் என்றிருக்கிறேன். தெருவுக்குத் தெரு பயிற்சி வகுப்பு நடக்கிறது. விரிப்பு, கட்டை, பட்டை எல்லாம் கேட்கிறார்கள். மலிவாகச் சரக்கு எங்கே கிடைக்கும்?"

கடை போடுங்கள், தோழரே! நாணயமாகச் செய்தால் வியாபாரம் இழிவல்ல. தேவையும் இருக்கிறது. 2014-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஐ யோகா நாள் என்று உலகமே கொண்டாடுகிறது. ஆனால், உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். "மலிவாக எங்கே கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். "நல்ல சரக்கைச் செய்பவர் யார்? அவர் எங்கே இருக்கிறார்?" என்று கேளுங்கள்.

ஏன் தெரியுமா? மலிவுச் சரக்கு மொத்தக் கடையில் மலைபோல் கிடக்கிறது. அந்த நெகிழி விரிப்பை நீங்களும் விற்கலாம், எதிர்க்கடைக்காரரும் விற்கலாம். நீங்கள் பத்து ரூபாய் குறைத்தால் அவர் இருபது குறைப்பார். இந்தப் போட்டியில் முதலில் கவிழ்வது யார்? முதல் குறைந்தவர்தான். அதாவது, நீங்கள்தான்!

பெரிய கடைக்காரர் போகாத இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். செய்கிறவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

நெல்லைச் சீமையில், சேரன்மாதேவிக்கு அருகே பத்தமடை என்றோர் ஊர். யோகத்தை உலகெங்கும் பரப்பிய சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் அது. மலேயாவில் மருத்துவராக இருந்து, பின்னர் ரிஷிகேசத்தில் 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். அதே பத்தமடைதான் கோரைப்பாய்க்கும் பெயர் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றது. அந்தப் பாயை நெய்பவர்கள் யார்? பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துத் தாய்மார்கள்! யோகி பிறந்த மண்; அவர்கள் நெய்யும் பாய். மதம் பார்த்தா ஆற்றங்கரையில் கோரை முளைக்கிறது?

கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லியதாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். கோரை மெலிய மெலிய, பாவு நூல் கூடக் கூட, பாய் பட்டுப்போல் ஆகிறது. வாங்கப் போகும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரியக்கூடாது. மடித்துப் பாருங்கள், முறியக்கூடாது. ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள்; சாயம் ஒட்டக்கூடாது.

குறையையும் மறைக்காதீர்கள். வழவழப்பான தரையில் கோரைப்பாய் நழுவும். உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் ஆசனத்துக்கு உகந்தது. காலை அகட்டி நின்று செய்வதற்கு ஏற்றதல்ல. வழுக்காமல் பிடித்துக்கொள்வதால்தான் நெகிழி விரிப்பு சந்தையைப் பிடித்தது. அப்படிப்பட்ட பிடிப்பு வேண்டுவோருக்கு ரப்பர் விரிப்பு இருக்கிறது. வாங்க வருகிறவரிடம் இந்த உண்மையைச் சொல்லுங்கள். ஒரு விற்பனை போகலாம். ஒரு வாடிக்கையாளர் நிலைப்பார்.

பருத்தி விரிப்பு வேண்டுமா? பவானி ஜமுக்காளம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஜமுக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆயினும், விசைத்தறியில் ஓட்டிய சரக்கு பவானியின் பெயரைத் திருடிக்கொண்டு வருகிறது என்பது நெசவாளரின் நெடுநாள் குறை. தறியை நேரில் பார்த்து வாங்குகிறவரை இந்தப் போலி ஏமாற்ற முடியுமா?

கட்டைக்கு எங்கும் அலைய வேண்டாம். ஒன்பது அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், நாலு அங்குலக் கனம். உங்கள் தெருத் தச்சரே செய்து தருவார். விளிம்பு உருண்டிருக்கிறதா, சிராய் இல்லையா என்று மட்டும் தடவிப் பாருங்கள்.

இனி விலைக்கு வருவோம். பேரம் பேசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. "பாய்க்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளம்மா" என்பீர்கள். யாருடைய பத்து ரூபாய் அது? உங்களுக்காகக் கோரை விலை குறையுமா? நூல் விலை குறையுமா? சாய விலை குறையுமா? ஒன்றும் குறையாது. குறைவது கூலி ஒன்றுதான்!

கூலி குறைந்தால் என்ன ஆகும்? அடுத்த பாயில் பாவு நூல் குறையும். கோரை தடிக்கும். ஊறவேண்டிய நாள் சுருங்கும். நீங்கள் வெட்டிய பத்து ரூபாய், நைந்த பாயாக உங்கள் கடைக்கே திரும்பி வரும். தரம், தரம் என்கிறோமே, அது என்ன? நெய்கிறவரின் வயிறு நிறைந்திருப்பதற்கு இன்னொரு பெயர் அது!

ஆலையில் உங்கள் கூலியை வெட்டியபோது எப்படி இருந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று மேசைக்கு அந்தப்புறம் இருந்தவரின் நாற்காலியில் இன்று நீங்கள் உட்காரலாமா?

ஆகவே, முறையாகச் செய்யுங்கள். முதலில் பத்துப் பாய் மட்டும் வாங்கி, விற்றுப் பாருங்கள். பிறகு பேசிய விலையையும் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். நூல் வாங்க அவர்கள் வட்டிக்கடைக்குப் போக வேண்டியிராது. "விற்ற பிறகு தருகிறேன்" என்று சொல்லாதீர்கள். நெய்த கைக்கு அன்றே பசிக்கும். தனியே முடியாவிட்டால் நாலு தோழர்கள் சேர்ந்து முதல் போடுங்கள்.

அப்புறம், கடை வாசலில் பலகை எழுதுங்கள்: எந்த ஊர், எந்தத் தறி என்று. மலிவு என்று எழுத வேண்டாம். உழைத்தவருக்கு உரியதைக் கொடுத்து வாங்கிய சரக்கு என்று நிமிர்ந்து சொல்லுங்கள். உழைப்பாளியின் கடை அப்படித்தான் இருக்க வேண்டும்!