"நாலு மணி நேரம்தானே"ன்னு சொல்லாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் தொண்டூழியர்கள் பொறுமையா வாசிக்கணும்னு கேட்டுக்கறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மண்டபத் தூணோரமா ஒரு பையன் தன் பையைத் தலைக்கு வச்சுப் படுத்திருந்தான். "தம்பி, இங்கே படுக்கக் கூடாது, எழுந்திருங்க"ன்னு அதட்டினது வேற யாரும் இல்லை, நான்தான். பதறி எழுந்தவன், "மன்னிச்சுக்குங்கண்ணே, காலைலதான் ஊர்ல இருந்து வந்தேன்"னான்.

விசாரிச்சேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சாப்பாட்டுக் கடையில வேலை. விமான நிலையத்துல இருந்து கூட்டிட்டு வந்தவர், "ரூம் சாயங்காலம்தான், அஞ்சு மணிக்குக் கடைக்கு வந்துடு"ன்னு தேக்காவுல இறக்கிவிட்டுப் போயிட்டாராம்.

நாம என்ன சொல்வோம்? "திருச்சியில ஏறினா நாலு மணி நேரம்தானே, இதுல என்ன களைப்பு?" அவனுக்குப் பயணம் முதல் நாள் மத்தியானமே ஊர் பஸ்ல ஆரம்பிச்சிருக்கு. ராத்திரி வரை விமான நிலையத்துல காத்திருப்பு. முதல் விமானப் பயணம், பயத்துல கண்ணே மூடலை. இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால பாதி ராத்திரி அதுலயே போச்சு. அப்புறம் குடிநுழைவு வரிசை.

ஊர் சிம் கார்டு இங்கே வேலை செய்யலை. "வந்து சேர்ந்துட்டேன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லலைண்ணே"ன்னான். என் கைத்தொலைபேசியில இருந்து இணைப்பு கொடுத்தேன். ரெண்டு நிமிஷம் பேசினான். அதுக்கப்புறம்தான் அன்னதானத்துல உட்கார்ந்து சாப்பிட்டான். நான் அதட்டினதை நினைச்சா இன்னும் மனசு கூசுது.

"கோயில் என்ன சத்திரமா?"ன்னு சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடம் குறைவு, பாதுகாப்பு பார்க்கணும், நேரத்துக்கு நடை சாத்தணும். ஆனா சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1819-ல பினாங்குல இருந்து ராஃபிள்ஸோட வந்த நாராயண பிள்ளை 1827-ல தொடங்கின கோயில் அது. வேலையும் தங்க இடமும் கிடைக்கிற வரைக்கும் புதுசா வந்தவங்களுக்கு அடைக்கலம் கொடுத்த இடம். அவரே கப்பல்ல வந்து இறங்கினவர்தானே, அந்தத் தவிப்பு அவருக்குத் தெரியாம இருக்குமா?

யாரையும் தங்க வைக்கணும்னு நான் சொல்லலை. மூணே விஷயம்தான் கேட்கறேன்.

1. பையும் பெட்டியுமா யாராவது உட்கார்ந்திருந்தா, விதிமுறையைச் சொல்றதுக்கு முன்னாடி, "எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்போம்.

2. வீட்டுக்கு ஒரு தடவை பேச இணைப்பு கொடுப்போம். நமக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது.

3. ஒரு சின்னத் தமிழ்த் துண்டுச்சீட்டு அச்சடிச்சு வைப்போம். கடப்பிதழும் வேலை அனுமதி அட்டையும் உங்க கையிலதான் இருக்கணும், முதலாளி வாங்கி வச்சுக்கச் சட்டத்துல இடமில்லை. ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999. இவ்வளவு இருந்தாலே போதும். முதல் நாள்ல இதைச் சொல்ல ஆள் இல்லாமதான் பலர் பின்னாடி மாட்டிக்கறாங்க.

அடுத்த கூட்டத்துல நிர்வாகக் குழுகிட்ட இதைப் பேசப் போறேன். அச்சுச் செலவை நானே ஏத்துக்கறேன். கூட நிக்கத் தயாரா இருக்கிறவங்க கீழே எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமா சொல்லுங்க.

ஓம் சக்தி.