வேற்றுமை உருபில் ஏறிச் செல்வோர்

‘பேருந்து’ செயற்கைச் சொல். ‘பஸ்’ என்பதே இயற்கையான சொல் என்று வாதிடுவோர் நம் ஆசிரியர்களுள்ளும் உளர். “ஐயா, வகுப்பில் ‘பேருந்து’ என்றால் பிள்ளைகள் சிரிக்கின்றனர், கட்டுரையில் மட்டும் எழுதினால் போதாதா?” என்று பயிற்சி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வினவினார். பிள்ளைகளின் சிரிப்பு எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆசிரியரின் கூச்சமே வருத்தம் தந்தது.

இயற்கையானது எனப்படும் ‘பஸ்’ஸின் பிறப்பைச் சற்றே ஆராய்வோம். இலத்தீனில் ‘ஓம்னிபுஸ்’ என்றால் ‘எல்லார்க்கும்’ என்பது பொருள். ‘ஓம்னி’ என்பது பெயர்ப்பகுதி; ‘புஸ்’ என்பது நம் நான்காம் வேற்றுமையின் ‘கு’வுக்கு நிகரான உருபு. 1820களில் பிரான்சின் நாந்து நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பார், கட்டணம் தரும் எவரும் ஏறத்தக்க குதிரை வண்டிகளை ஓட்டினார். அவ்வண்டிக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. 1829இல் ஜார்ஜ் ஷில்லிபீர் அத்தகைய வண்டியை இலண்டனில் ஓடவிட்டார். நாளடைவில் ஆங்கிலேயர் சொல்லின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டனர். ஆகவே, ‘பஸ்ஸில் வந்தேன்’ என்பவர் உண்மையில் வேற்றுமை உருபில் ஏறி வந்தவரே!

குதிரை போயிற்று, வால் நின்றது. நம் ஜார்ஜ் டவுனில் 1925 முதல் 1961 வரை மின்கம்பியைப் பற்றி ஓடிய வண்டிக்கும் ‘டிராலிபஸ்’ என்று அவ்வாலையே ஒட்டினர். இதற்காக ஆங்கிலேயரை நான் பழிக்கவில்லை. சொல் வேண்டியிருந்தது, ஆக்கிக்கொண்டனர், கூசாமல் வழங்கினர். வழக்கே அதனை இயற்கையாக்கிற்று. அவர்க்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதியா?

‘பேருந்து’ அத்துணை ஊனமுற்ற சொல்லும் அன்று. ‘பெருமை’ ஈறு கெட்டு ஆதி நீண்டு ‘பேர்’ ஆயிற்று. ‘உந்து’ செலுத்துதலைக் குறிக்கும். சிற்றுந்து, சரக்குந்து, மகிழுந்து எனக் கிளைத்து ஒரு குடும்பமே உருவாகியுள்ளது. ‘பஸ்’ஸையே தமிழொலிக்கு ஏற்ப எழுதலாமே என்பார்க்கு ஒன்று சொல்வேன்: அது ‘பசு’வாகிக் கொட்டிலில் போய் நிற்கும்!

மற்றொரு சாரார், ‘பஸ்’ஸும் தமிழ்ச்சொல்லே என நிறுவப் புறப்படுவர். அவ்வீண்பெருமை வேண்டா. நம் கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்தது. நம் கப்பல் மலாயில் ‘காப்பால்’ ஆயிற்று. உண்மையே நமக்குப் போதிய பெருமை தரும்.

ஆசிரியப் பெருமக்களே! வீட்டிலும் தெருவிலும் ‘பஸ்’ஸையே கேட்கும் பிள்ளை, ‘பேருந்து’ எனும் சொல்லைப் பெரியவர் வாயினின்று கேட்கும் இடம் நம் வகுப்பறை ஒன்றே. அங்கும் நாம் கூசினால், அது தேர்வுத்தாளில் பிறந்து தேர்வுத்தாளிலேயே மாயும். நாளை கொம்தாருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கையில், “பேருந்து வருகிறது, ஏறுங்கள்” என்று உரக்கக் கூறுங்கள். இன்று சிரிக்கும் பிள்ளை, நாளடைவில் தானே அதைச் சொல்லும்.