பெயரால் வெட்டுண்ணும் மரம்

சீமைக் கருவேலத்தை அகற்றும் கொள்கையைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது, வரவேற்கிறோம். எண்ணூர்க் கழிமுகக் கரைகளிலும் அம்முட்செடி மண்டிக் கிடக்கிறது. ஆனால், பெயரொற்றுமையால் நாட்டுக் கருவேலமும் கோடரிக்கு இரையாகலாகாது. அங்கத்தினர்கள் வெட்டுமுன் பூவைப் பார்ப்பார்களாக: நாட்டு மரத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கு நீண்ட கதிர். நாட்டு மரத்தின் காயோ மணி கோத்தாற்போலிருக்கும்.

வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் அதன் வைரம் பேர்போனது. பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோல் பதனிட உதவும். நெசவாளருக்கோ அதுவே சாயச்சரக்கு. பட்டைக் கஷாயத்தில் ஊறிய பருத்தி நூலை அன்னபேதி கரைத்த நீரில் தோய்த்தால் கருமையேறும். அன்னபேதி மிஞ்சினால் நூல் இற்றுப்போகும், சிக்கனமாக இடுக. நிற்கும் மரத்தைச் சுற்றிப் பட்டை உரித்தால் மரம் பட்டுவிடும். கலப்பைக்கென வெட்டிய மரத்தின் பட்டையே சாயத்துக்குப் போதும்.